பித்தும் காஞ்சியும்: ‘ஜுனூன்’ திரைப்படம் – ஒரு திணைநோக்கு

முன்னுரை

தில்லியின் காஷ்மீரி வாயிலில் 1857 செப்டம்பரில் பாய்ந்த பீரங்கிக் குண்டுகளின் வடுக்கள் இன்றும் உள்ளன. அங்கிருந்து வடக்கே, பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய மேட்டுக் காட்டில் ஃபிளாக்ஸ்டாஃப் கோபுரம் நிற்கிறது. அவ்வாண்டு மே 11ஆம் நாள் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் நகரினுள் புகுந்தபோது, ஐரோப்பியப் பெண்டிரும் குழந்தைகளும் உதவிப் படையை எதிர்நோக்கி அக்கோபுரத்தில் கூடியிருந்தனர். தில்லியில் தமிழ் பயிலும் மாணவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் பகுதி இது. இந்நகரில் நடந்த போரைத் திரையில் காட்டாமலேயே, அதன் முடிவை ஒரு காதலின் முடிவாக ஆக்கிய திரைப்படம் ஷியாம் பெனகல் இயக்கிய ‘ஜுனூன்’ (1978).

ரஸ்கின் பாண்ட் ஆங்கிலத்தில் எழுதிய ‘எ ஃப்ளைட் ஆஃப் பிஜியன்ஸ்’ என்னும் குறுநாவலைத் தழுவிய இப்படத்தைச் சசி கபூர் தயாரித்தார். சிறந்த இந்தித் திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்ற இப்படம், ஒளிப்பதிவுக்காகவும் ஒலிப்பதிவுக்காகவும் தேசிய அளவில் பாராட்டப்பெற்றது. 1857ஆம் ஆண்டின் வரலாற்றுப் படமாகவும், நிறைவேறாத காதலின் துயரப் படமாகவும் இது பேசப்பட்டு வந்துள்ளது. ஆயின் இவ்விரு பார்வைகளும் தனித்தனியே நின்றுவிடுகின்றன. போர் காதலுக்குப் பின்புலமாக மட்டும் அமைகிறதா, அன்றி இரண்டிற்கும் உள்ளார்ந்த உறவு உண்டா என்னும் வினா எழுகிறது. தொல்காப்பியம் பெருந்திணைக்குப் புறமாகக் காஞ்சியை வைத்த முறை இவ்வினாவுக்கு விடை காண உதவும் என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

கதைப்போக்கு

இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள ஷாஜஹான்பூரில் 1857 மே 31ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின்போது, ஆங்கிலேயர் கூடியிருந்த தேவாலயம் கிளர்ச்சியாளரால் தாக்கப்பட்டது. இது வரலாற்றில் நிகழ்ந்தது. படத்தில் இத்தாக்குதலில் லபடூர் என்பவர் கொல்லப்படுகிறார். அவருடைய மனைவி மரியம் தன் மகள் ரூத்துடனும் தன் தாயுடனும் தப்பி, லாலா ராம்ஜிமல் என்னும் செல்வர் வீட்டில் அடைக்கலம் புகுகிறாள். ரூத்தின்மீது முன்னரே மயக்கம் கொண்ட பட்டாணியத் தலைவன் ஜாவேத் கான், அம்மூவரையும் வலிந்து தன் வீட்டிற்குக் கொண்டு செல்கிறான். அங்கே அவன் மனைவி ஃபிர்தவுஸ் இருக்கிறாள். ரூத்தை மணம்செய்து தருமாறு அவன் மரியத்தைக் கேட்கிறான்.

மரியம் நேரடியாக மறுக்கவில்லை. மறுக்கக்கூடிய நிலையிலும் அவள் இல்லை. தில்லிப் போரின் முடிவு தெரியட்டும் என்கிறாள். கிளர்ச்சியாளர் வென்றால் மகளைத் தருவதாகவும், ஆங்கிலேயர் தில்லியை மீட்டால் அப்பேச்சே கூடாது எனவும் உடன்பாடு ஏற்படுகிறது. தில்லி வீழ்கிறது. ஜாவேதின் மைத்துனனும் கிளர்ச்சியாளனுமாகிய சர்ஃபராஸ் போரில் மடிகிறான். ஃபிர்தவுஸின் உதவியால் லபடூர் குடும்பம் ஆங்கிலேயரின் பாதுகாப்பை அடைகிறது. அவர்கள் தேவாலயத்தில் தங்கியிருப்பதை அறிந்த ஜாவேத் அங்கு வந்து ரூத்தைக் காண வேண்டுகிறான். தாயின் விருப்பத்தை மீறி ரூத் வெளிப்பட்டுத் தன் உள்ளத்தைப் புலப்படுத்துகிறாள். ஜாவேதோ தாயின் சொல்லை மதித்து, அவளை அழைத்துச் செல்லாமல் திரும்புகிறான். அவன் போரில் இறந்தான் என்பதும், ரூத் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மணமாகாதவளாகவே இங்கிலாந்தில் மறைந்தாள் என்பதும் படத்தின் இறுதியில் தெரிவிக்கப்படுகின்றன.

ஒருதலைக் காமமும் பொருந்தாக் காமமும்

தொல்காப்பியர் அகத்திணை ஏழனுள் கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் வைத்தார். கைக்கிளையை ஒருதலைக் காமம் எனவும், பெருந்திணையைப் பொருந்தாக் காமம் எனவும் உரைமரபு விளக்குகிறது. காமவுணர்வு நிரம்பாத இளையாள் ஒருத்தியிடம் தன் துயரைக் கூறி, மறுமொழி பெறாமல், தானே சொல்லி இன்புறுவது கைக்கிளையின் இலக்கணம். இவ்விலக்கணத்தின் உயிர்நிலை, மறுமொழி இல்லாமை ஆகும். பெண் மறுத்தாள் என்றோ உடன்பட்டாள் என்றோ நூல் கூறவில்லை. அவள் பேசவில்லை என்பதே கூறப்படுகிறது.

‘ஜுனூன்’ படத்தின் முற்பகுதி கைக்கிளைத் தன்மையில் அமைந்துள்ளது. ஜாவேத் ரூத்தை நோக்கிக்கொண்டே இருக்கிறான். அவளோ தந்தையின் கொலையைக் கனவில் கண்டு நடுங்கும் பதின்பருவத்துப் பெண். அவளிடமிருந்து அவனுக்கு விடை ஏதும் இல்லை. அவன் வேட்கை அவனுக்குள்ளேயே வளர்கிறது.

ஆயினும் இது கைக்கிளை என்னும் எல்லையில் நிற்கவில்லை. பெருந்திணைக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு கூறுகளுள் மடலேறுதலும் இளமை நீங்கிய நிலையில் காமுறுதலும் இக்கதைக்குப் பொருந்துவன அல்ல. தெளிவு நீங்கிய காமமும், காம மிகுதியால் வலிந்து செய்தலும் ஆகிய ஏனை இரண்டும் ஜாவேதுக்கு முற்றும் பொருந்துகின்றன. ‘ஜுனூன்’ என்பது அரபு வழி வந்த உருதுச் சொல். பித்து என்பது அதன் பொருள். தெளிவு நீங்கிய நிலையைப் படத்தின் பெயரே சுட்டுகிறது. மூன்று பெண்களை அடைக்கல வீட்டிலிருந்து பறித்துச் செல்லுதல் வலிந்து செய்யும் வன்மையாகும்.

இவ்வாறு பெயரிடுவது திறனாய்வில் இன்றியமையாதது. சசி கபூரின் தோற்றப் பொலிவும் நடிப்பின் கனிவும் ஜாவேதைக் காதல் தலைவனாகக் காணும்படி பார்வையாளரை ஈர்க்கின்றன. காட்சியின் அழகில் கடத்தலின் கொடுமை மறந்துபோகக் கூடும். தமிழ் இலக்கண மரபு இங்கு ஒரு தெளிவை அளிக்கிறது. அது இவ்வேட்கையை அன்பின் ஐந்திணையுள் சேர்க்கவில்லை. எனினும் அகத்திற்கு வெளியே தள்ளிவிடவும் இல்லை. இதுவும் மனித உள்ளத்தில் நிகழ்வதே என்று ஏற்று, இது அன்பு அன்று என்று எல்லையும் இடுகிறது. படத்தினுள் இவ்வெல்லையைப் பார்வையாளருக்கு இடைவிடாமல் நினைவூட்டுபவள் ஃபிர்தவுஸ். ஷபானா ஆஸ்மி ஏற்ற இப்பாத்திரத்தின் சினமும் புண்பட்ட மானமும், ஜாவேதின் பித்துக்குப் பிறர் கொடுக்கும் விலையைக் காட்டுகின்றன.

மகட்பாற்காஞ்சியும் தாயின் மறுப்பும்

புறநானூற்றில் 336ஆம் பாடல் முதலாகத் தொடர்ந்து வரும் மகட்பாற்காஞ்சிப் பாடல்கள் ஒரே சூழலைப் பல புலவர் குரல்களில் பேசுகின்றன. வேந்தன் ஒருவன் பெண் கேட்டு வருகிறான். முதுகுடியினர் தர மறுக்கின்றனர். ஊர் போரை எதிர்நோக்கி அஞ்சுகிறது. பெண்ணின் அழகு ஊருக்கே கேடாகிவிட்டதே எனப் புலவர் இரங்குகின்றனர். 336ஆம் பாடலில் பரணர், பகையை வளரவிட்ட பண்பற்றவள் எனப் பெண்ணின் தாயையே பழிக்கிறார்.

மரியம் இம்மரபில் வைத்து எண்ணத்தக்கவள். அவள் கலப்பு மரபினள், உருது பேசுபவள், அந்நிலத்தின் பழக்கங்களை அறிந்தவள். படையும் மதிலும் அவளிடம் இல்லை. தந்தையும் தமையன்மாரும் வேல் பிடித்து மறுக்கும் இடத்தில், கணவனை இழந்து சிறைப்பட்ட ஒரு பெண் சொல்லை மட்டும் கொண்டு மறுக்கிறாள். பெண் கேட்டவனையே வாக்குறுதி ஒன்றினால் கட்டிவிடுகிறாள். ஜெனிபர் கெண்டலின் நடிப்பில் அச்சமும் உறுதியும் ஒருங்கே வெளிப்படுகின்றன. பரணர் பாடலில் பழிக்கப்பட்ட தாய்க்கு இப்படத்தில் தன் பக்கத்து நியாயத்தைக் கூறும் வாய்ப்புக் கிடைத்துள்ளது எனலாம்.

மகட்பாற்காஞ்சிப் பாடல்களுக்கும் இப்படத்திற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அப்பாடல்களில் பெண் மறுப்பு போருக்குக் காரணமாகிறது. படத்திலோ போர் முன்னரே தொடங்கிவிட்டது. பெண் கொடையும் மறுப்பும் அதன் முடிவைச் சார்ந்துள்ளன. எனினும், பெண்ணின் விருப்பம் எவராலும் கேட்கப்படவில்லை என்பது இரண்டிற்கும் பொது. புறப்பாடல்களில் அப்பெண் பேசுவதே இல்லை. படத்தின் பெரும்பகுதியில் ரூத்தும் பேசுவதில்லை. கைக்கிளையின் மறுமொழியின்மையும் மகட்பாற்காஞ்சியின் மௌனமும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்கின்றன.

காணப்படாத தில்லி

1857 ஜூன் தொடங்கி ஆங்கிலப் படை தில்லியின் வடக்கு மேட்டில் நிலைகொண்டிருந்தது. செப்டம்பர் 14ஆம் நாள் காஷ்மீரி வாயில் தகர்க்கப்பட்டது. ஒரு வாரத்திற்குள் நகரம் வீழ்ந்தது. 21ஆம் நாள் பகதூர் ஷா ஜாபர் சிறைப்பட்டார். ஷாஜஹான்பூரில் மே இறுதியில் தொடங்கும் கதை, தில்லி முற்றுகையின் இம்மாதங்களிலேயே நிகழ்கிறது. அக்காலம் முழுவதும் அவ்வீட்டினர் செய்திக்காகக் காத்திருக்கின்றனர். மழைக்காலம் வருகிறது, பெண்கள் மழைப் பாடல் பாடுகின்றனர். முல்லைத் திணையில் கார்காலம், போர்முனைக்குச் சென்ற தலைவன் திரும்பும் பருவம். இங்கோ தலைவன் போருக்கே செல்லவில்லை. பாசறையில் இருக்க வேண்டியவன் மனையில் இருக்கிறான். முல்லையின் காத்திருப்பு இவ்வீட்டில் தலைகீழாகிவிடுகிறது.

தில்லியைத் திரையில் காட்டாமல் செய்தியாக மட்டும் வைத்தது பெனகலின் தேர்ந்த முடிவாகத் தோன்றுகிறது. மரியத்தைப் பொறுத்தவரை தில்லி விடுதலையின் பெயர். ஜாவேதைப் பொறுத்தவரை அது திருமண நாளின் பெயர். சர்ஃபராஸுக்கோ தாய்நாட்டின் பெயர். ஒரே சொல் மூவர் வாயில் மூன்று பொருள் தருகிறது. நகரம் கண்முன் காட்டப்பட்டிருந்தால் இப்பொருள்கள் ஒரு காட்சியாகச் சுருங்கியிருக்கும். படத்தின் பாடல்களுக்கு அமீர் குஸ்ரோவின் சொற்களும் எடுத்தாளப்பட்டுள்ளன. தில்லி நிஜாமுதீனில் அடங்கியிருக்கும் அக்கவியின் குரல் வழியாகவும் காணப்படாத நகரம் படத்தினுள் புகுகிறது.

புறாக்கள்

ஜாவேதின் பொழுது புறா வளர்ப்பில் கழிகிறது. இதற்கு ஓராண்டு முன்னர் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ஜ் கே கிலாடி’ (1977), 1856இல் அவத் அரசு பறிபோகும் வேளையில் சதுரங்கத்தில் மூழ்கிய இரு செல்வர்களைக் காட்டியது. ராய் அவர்களை நகையுடன் நோக்கினார். பெனகலின் நோக்கில் நகை இல்லை. தில்லி தோற்ற வெறியில் சர்ஃபராஸ் ஜாவேதின் புறாக்கூடுகளை அழிக்கும் காட்சி படத்தின் திருப்புமுனையாகும். நசீருத்தீன் ஷாவின் குரலில் தில்லியை இழந்த செய்தி ஓர் அழுகையாகவும் குற்றச்சாட்டாகவும் ஒலிக்கிறது.

கலித்தொகையின் பாலைக்கலியில், வெம்மையிலும் பேடையின் வருத்தத்தைத் தணிக்கும் புறாவின் அன்பு பேசப்படுகிறது. அது இருதலை அன்பின் உருவகம். ஜாவேதின் புறாக்களோ கூட்டில் வளர்ந்து, அவன் ஏவலுக்குப் பறந்து, அவனிடமே மீள்பவை. அவன் அறிந்த அன்பின் முறை அது. ரூத்தையும் அவன் அம்முறையிலேயே வைத்துக் காக்கிறான். ஆகவே புறாக்கூடுகளின் அழிவு தில்லியின் வீழ்ச்சியை மட்டும் குறிப்பதன்று. உடைமையாகக் கருதிய அன்பு முறிவதையும் அது குறிக்கிறது. இதன் பின்னரே ஜாவேத் போர்க்களம் புகுகிறான் என்பது நோக்கத்தக்கது.

மறுமொழி

தேவாலயத்தில் தொடங்கிய கதை தேவாலயத்தில் முடிகிறது. இறுதிக் காட்சியில் ரூத் அவன்முன் வருவது, சிறைப்பட்ட பெண் தன்னைச் சிறைவைத்தவனிடம் கொண்ட மயக்கம் என வாதிடுவோர் உண்டாகலாம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ரூத்தின் மனமாற்றத்தைப் படம் பார்வைகளால் மட்டுமே உணர்த்துகிறது. அவள் அகத்திற்குள் புகுந்து காட்டும் காட்சிகள் குறைவு. குறுநாவலில் ரூத்தே தன் கதையைக் கூறுகிறாள். ஜாவேதின் கொடுமையையும் அழகையும் ஒருங்கே நினைவுகூரும் அவள் குரல் வாசகருக்குக் கிடைக்கிறது. படம் அக்குரலை விட்டுவிட்டது. இது படத்தின் குறை என்றே கொள்ளவேண்டும்.

எனினும் காட்சி அமைந்துள்ள இடம் கருதத்தக்கது. ரூத் ஜாவேதின் வீட்டில் இருந்தவரை மறுமொழி தரவில்லை. அங்கு அவள் உடன்பட்டிருந்தால் அவ்வுடன்பாட்டுக்கு மதிப்பு இராது; மறுக்க இயலாதவள் கூறும் இசைவு இசைவாகாது. அவள் விடுபட்டு, தன்னவரின் காப்பில், தாயின் சொல்லையும் மீறக்கூடிய நிலையில் நின்று வெளிப்படுகிறாள். அப்பொழுதுதான் அது மறுமொழி ஆகிறது. கைக்கிளை நீங்கும் கணம் அது.

அதே கணத்தில் ஜாவேதும் மாறுகிறான். வலிந்து கொண்டவன், விரும்பி வந்தவளை விட்டுச் செல்கிறான். மரியத்திடம் கொடுத்த சொல்லைக் காக்கிறான். பெருந்திணையின் வன்மை அவனிடமிருந்து நீங்குகிறது. இருதலையும் ஒத்த அன்பு அக்கணத்தில் முதன்முறையாகப் பிறக்கிறது. அது வாழ்வதற்குரிய உலகமோ அதற்கு முன்னரே அழிந்துவிட்டது. காதல் தகுதி பெற்றபோது காலம் இல்லாமற் போயிற்று என்பதே இப்படத்தின் துயரம்.

தாபதநிலை

நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சித்திணையைத் தொல்காப்பியர் பெருந்திணைக்குப் புறமாக்கினார். நோதற்குரிய தன்மை இரண்டற்கும் பொதுவாதல் உரைமரபு காட்டும் காரணங்களுள் ஒன்று. காஞ்சித் துறைகளுள் மகட்பாற்காஞ்சியும் உண்டு. காதலனை இழந்தவள் நோன்பு மேற்கொண்டு வாழும் தாபதநிலையும் உண்டு. பிற்காலப் புறநானூற்றுத் துறைக் குறிப்புகள் தாபதநிலையைப் பொதுவியலில் சேர்த்தன. தொல்காப்பியம் அதைக் காஞ்சியில் வைத்ததன் பொருத்தம் இப்படத்தைக் காணும்போது விளங்குகிறது. பொருந்தாக் காமத்தில் தொடங்கிய ஒரு கதை, மகள் மறுத்தலில் வளர்ந்து, ஐம்பத்தைந்து ஆண்டுத் தனிமையில் முடிகிறது.

ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் புறப்பாடலில், இளமையில் தழையாக உதவிய ஆம்பல், கணவனை இழந்த பின் உணவாகிறது. அங்கு இழந்ததைச் சொல்ல ஒரு பொருள் உண்டு. ஊர் அறிந்த மணமும் உண்டு. ரூத்துக்கு இவை இல்லை. அவள் தாபதநிலை மணமாகாதவளின் தாபதநிலை. இலக்கணத்தில் அதற்குப் பெயர் இல்லை. பெண்பாற் கைக்கிளைக்கு வழி வகுத்த புறப்பொருள் வெண்பாமாலையும், 83 முதல் 85 வரையுள்ள புறப்பாடல்களில் தன் ஒருதலைக் காமத்தைத் தானே பாடிய பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் இங்கு நினைவுக்கு வருகின்றனர். நக்கண்ணையார் பாடினார். ரூத்தின் ஐம்பத்தைந்து ஆண்டுகளைப் படம் இரண்டொரு வரிகளில் அறிவித்து நின்றுவிடுகிறது. அச்சுருக்கமே பார்வையாளரின் உள்ளத்தில் நெடுங்காலம் தங்குகிறது. ஒருதலைக் காமம் ஆணிடம் தொடங்கிப் பெண்ணிடம் வந்து நிலைத்தது. மறுமொழி பெறாதவன் அவன் என்று தொடங்கிய கதையில், இறுதியில் மறுமொழி பெறாதவள் அவளே.

முடிவுரை

‘ஜுனூன்’ படத்தில் போர் காதலுக்குப் பின்புலமாக மட்டும் அமையவில்லை. வன்மையால் கொள்ளப்படும் காமமும், வன்மையால் கொள்ளப்படும் நாடும் ஒரே இழப்பின் அகமும் புறமுமாக அமைகின்றன. பெருந்திணையும் காஞ்சியும் தம்முள் இணைந்தவை என்னும் தொல்காப்பியக் கருத்து, வேற்று மொழியில் வேற்றுக் காலத்தில் எழுந்த ஒரு படைப்பிலும் விளக்கம் பெறுவதை இதனால் அறியலாம். திணைக்கோட்பாட்டைப் பிறமொழிப் படைப்பின்மேல் ஏற்றிப் பார்க்கும்போது அது பொருந்தும் இடங்களோடு, ரூத்தின் தனிமையைப் போல அது பெயரிடாத இடங்களும் புலப்படுகின்றன. அவ்விடங்களே மேலும் ஆராய்தற்குரியன.

காஷ்மீரி வாயிலின் வடுக்களைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. ஒரு நகரம் வீழ்ந்ததற்கு அவை சான்று. அந்நகரம் வீழ்ந்த செய்தியோடு தன் வாழ்வும் முடிவு செய்யப்பட்டதை அறிந்து, அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்திருந்த ஒருத்திக்குச் சான்றாக இத்திரைப்படம் நிற்கிறது.